வாடிக்கையாளர் பட்டியலில் ஸ்டெல்லா டீச்சர்

ஆடி முடிய இன்னும் நான்கு நாள் இருந்தது. வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா டீச்சரின் மகள் போன் செய்தாள். "சார், அம்மா எந்திரிக்கவே இல்லீங்க" என்றாள். அன்று பேச வேண்டியவர் டீச்சர்தான். நான் துணைக்கு.

நம் பள்ளியில் அவரை வகுப்பறையில் அறிந்தவர்கள் நம்மில் பலர். ஓய்வுக்குப் பிறகு நாங்கள் இருவரும் கம்பெனி கம்பெனியாகப் போய்த் தொழிலாளர்களிடம் பேசியது சிலருக்கே தெரியும். பிள்ளைகளின் படிப்பு, உடல்நலம், வீட்டுச் சண்டை என்று எல்லாம் பேசினோம். முதல் அழைப்பு அவருக்குத்தான் வந்தது. என்னையும் கூட்டிப்போனவர் அவர். "ஆளுங்க நிக்கறாங்களா, உக்காந்திருக்காங்களான்னு மொதல்ல பாருங்க சார். நின்னா பத்தே நிமிசம்" என்பார்.

ஒவ்வொரு கம்பெனி பற்றியும் நோட்டில் குறித்து வைப்பார். 'ஃபேன் சத்தம் அதிகம். பாதிப் பேர் இந்தி. மேனேஜர் இருந்தால் பெண்கள் கேள்வி கேட்கமாட்டார்கள். அவரை டீ குடிக்க அனுப்ப வேண்டும்.'

அழைப்புகள் கூடியதும், இனி எல்லாம் கணினியில் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான். மூன்று மென்பொருள்களைப் பார்த்துவிட்டு இலவசமானதை எடுத்தேன். அதில் ஒருவர்தான் உள்ளே நுழைய முடியும். அந்த ஒருவர் நானானேன். நோட்டிலிருந்து பெயர்களையும் எண்களையும் மட்டும் ஏற்றினேன். குறிப்புகள் எதற்கு என்று விட்டுவிட்டேன். டீச்சரின் எண்ணைப் போட வேறு இடம் இல்லை. வாடிக்கையாளர் பட்டியலில் போட்டேன்.

பிறகு கம்பெனிகள் பில் கேட்டன. "தனி உரிமையா, கூட்டு நிறுவனமா?" என்றார் ஆடிட்டர். கூட்டு என்றால் ஒப்பந்தம் எழுத வேண்டும். அவசரத்துக்கு என் ஒருவன் பெயரில் பதிந்தேன்.

"அதுல என்ற பேரு எங்கீங்க சார்?" டீச்சர் ஒரே ஒருமுறை கேட்டார்.

"இப்போதைக்குத்தானுங்க டீச்சர்."

இரண்டு பேர் சேர்ந்து போட்ட கணக்கை ஒரு மாணவன் தன் பெயரில் மட்டும் எழுதிக் கொடுத்திருந்தால், நான் அவனை எழுப்பி நிறுத்தியிருப்பேன்.

ஆடிட்டர் எழுதிய கூட்டு ஒப்பந்தம் ஆனியில் தயாராகி, எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு பிரதி வந்தது. படித்துப் பார்க்கிறேன் என்று இழுத்தேன். ஆடி பிறந்தது. ஆடியில் கையெழுத்து வேண்டாம் என்றேன்.

"எங்களுக்கு ஆடியும் ஒண்ணுதான், ஆவணியும் ஒண்ணுதானுங்க. உங்க சாமி கோவிச்சுக்கும், இருங்க" என்று சிரித்தார். அதே வாரம் நான் ஆடித் தள்ளுபடியில் புது மடிக்கணினி வாங்கினேன். கடிதத்தாளில் என் பெயர் மட்டும் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. இதை இப்போதாவது சொல்லிவிட வேண்டும்.

ஒரு நாள் மென்பொருள் தானாகவே அவருக்குச் செய்தி அனுப்பியது: 'அன்பான வாடிக்கையாளரே, எங்கள் சேவை எப்படி?' உடனே போன் வந்தது. "சேவை பரவால்லீங்க சார். மொதலாளிதான் ஆடி பாக்கறாரு."

அடக்கம் முடிந்ததும் மகள் ஓர் உறையையும் அந்த நோட்டையும் தந்தாள். உறையில் அவருடைய ஒப்பந்தப் பிரதி இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் டீச்சர் கையெழுத்திட்டிருந்தார். நோட்டின் கடைசிக் குறிப்பு வேலம்பாளையம் கம்பெனி பற்றியது: 'நிற்பார்கள். பத்து நிமிடம்.'

அடுத்த வாரம் அங்கே போய்ப் பத்து நிமிடம் பேசினேன். இது ஸ்டெல்லா டீச்சர் தொடங்கிய வேலை என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன்.

அந்த நோட்டும் ஒப்பந்தமும் இப்போது என்னிடம் இருக்கின்றன. ஆவணி பிறந்துவிட்டது. அவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் என் இடம் மட்டும் காலியாக இருக்கிறது.