பாதி முகம் கழுவுகிறவள்

நான் முகத்தைப் பாதி பாதியாகத்தான் கழுவுவேன். முதலில் வலப்பக்கம், அப்போது இடக்கண் திறந்திருக்கும். பிறகு இடப்பக்கம். இரண்டு கண்ணையும் ஒன்றாக மூடித் தண்ணீர் அடித்தால் சுனாமி வந்த காலை திரும்பி வந்துவிடும். "பூனைகூட உன்னவிட வடிவா முகம் கழுவும்" என்பார் என் கணவர்.

அந்தக் காலை, கடற்கரைப் பக்கம் இருந்த எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது நான் அம்மாவின் கையைப் பிடித்திருந்தேன். "விடமாட்டன்மா" என்று சொல்லி இறுக்கித்தான் பிடித்திருந்தேன். ஆனாலும் நழுவிவிட்டது. என்னை மட்டும் யாரோ பின்னலில் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். ஒரு தென்னையில் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகுதான் அது என் கணவர் என்று தெரிந்தது. அம்மா கிடைக்கவில்லை.

பிறகு புளியந்தீவில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம். கணவரின் சபை பக்கத்துத் தெருவில் இருந்தது. வளர்ந்தவர்களைத் தண்ணீரில் முழுக்கி ஞானஸ்நானம் கொடுக்கிற சிறிய சபை. முதலில் அவருக்காகப் போனேன், ஒரு வருஷத்தில் எனக்காகவே போனேன். கடவுளோடு சண்டையும் பிடித்தேன். அதையும் ஜெபம் என்றே நினைத்துக்கொண்டேன்.

ஒரு குறைதான். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்கு மட்டும். ஒரே வாங்குப் பலகையில் அருகருகே இருப்போம். அப்பத் தட்டு கணவரிடம் வந்து, என் மடியைத் தாண்டி, அடுத்த ஆளிடம் போகும். வீட்டில் எனக்கு வைக்காமல் ஒரு வாய் சாப்பிடாத மனுஷன் அங்கே மட்டும் தனியே சாப்பிடுவார். அது எனக்குச் சுட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், முழுக்குக்கு உடுக்கும் வெள்ளை அங்கிகளைத் தைப்பவளே நான்தான். தையல் என் தொழில். அங்கி தண்ணீரில் குமிழ்போல் மேலே எழும்பாமலிருக்கக் கீழ் மடிப்புக்குள் வீச்சுவலை ஈயத்தை வைத்துத் தைப்பேன். எல்லாருக்கும் தைத்தேன். என் அளவுக்கும் ஒன்று தைத்து அலுமாரியில் வைத்தேன். முழுக்கு நாள் வந்தால் எனக்குக் காய்ச்சல் வரும், இல்லாவிட்டால் இடுப்புப் பிடிக்கும். கணவரின் தங்கை, என் மச்சாள், விடமாட்டாள். "என்னகா, ஒனக்குக் காய்ச்சலும் நாள் பாத்துத்தான் வருமா?"

விசுவாசம் வந்தால் பயம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். பயம் போகவில்லை, ஆகவே எனக்கு விசுவாசம் இல்லை. இதுதான் என் முடிவு. பரீட்சையும் வைத்துப் பார்த்தேன். கிணற்றடியில் வாளித் தண்ணீருக்குள் முகத்தை வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். மூன்றைத் தொட்டதே இல்லை.

யுத்தம் முடிந்த வருஷம் வந்தது. அதுவரை பாஸ்டரின் வீட்டு வளவிலிருந்த சீமெந்துத் தொட்டியில்தான் முழுக்கு. சோதனைச் சாவடித் தொல்லை குறைந்துவிட்டது, இந்த முறை வாவிக்கே போவோம் என்றார்கள். பழுகாமத்தில் கணவரின் சொந்தக்காரர் வளவு வாவியோரம்தான். அந்தத் தட்டு இன்னொரு முறை என் மடியைத் தாண்டிப் போவதை என்னால் தாங்க முடியாது என்று இருந்தது. அங்கியை எடுத்துக்கொண்டு சபையாரோடு வான் வண்டியில் ஏறிவிட்டேன்.

ஒவ்வொருவராக முழுகி, சிரித்துக்கொண்டு கரையேறினார்கள். என் முறை வந்தது. பாஸ்டர் என் தம்பி வயதுக்காரர், கையை நீட்டினார். தொடையளவு தண்ணீரில் என் கால் நின்றுவிட்டது.

"பாஸ்டர், பொய் சொல்லேலாது. பயம் போகல்ல. எனக்கு விசுவாசம் காணாது."

"அப்ப பயத்தோடயே முழுகுங்கக்கா. நான் விடமாட்டன்."

விடமாட்டன் என்று நானும் ஒருநாள் சொன்னவள்தான். அந்தச் சொல்லை நம்ப எனக்குப் பலமில்லை.

"அவர வரச் சொல்லுங்க," என்றேன். "என்ட பின்னலப் பிடிக்கட்டும்."

கரையில் ஒரே சிரிப்பு. மச்சாள்தான் பெரிதாகச் சிரித்தாள். இப்படி ஒரு முறை எங்கும் எழுதியிருக்கிறதா என்று யோசிப்பவர்போல் பாஸ்டர் தலையைச் சொறிந்தார். அதற்குள் கணவர் எனக்குத் துவட்ட வைத்திருந்த துவாயைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் வந்துவிட்டார். என் பின்னலைத் தன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றினார். மச்சாளின் சிரிப்பு நின்றுவிட்டது.

முழுகினேன். இரண்டு கண்ணும் ஒன்றாக மூடின. பயம் ஒரு துளியும் குறையவில்லை. ஈயம் அங்கியைக் கீழே இழுத்தது, உச்சந்தலை மேலே இழுபட்டு வலித்தது. அது எனக்குத் தெரிந்த வலி. சுனாமியன்று அம்மாவின் கை நழுவிய பிறகு நான் யாரையும் நம்பிப் பிடிக்கவில்லை. என் கை வெறுங்கையாகத்தான் இருந்தது. நம்பாமலே நான் பிடிபட்டிருந்தேன். இவ்வளவு காலமும் என் பிடி எவ்வளவு இறுக்கம் என்று பார்த்துப் பார்த்து வெட்கப்பட்டது எத்தனை மடத்தனம்!

அடுத்த முதல் ஞாயிறு தட்டு வந்தது. கணவர் அதை என் கையில் தந்தார். வெட்கமில்லாமல் அழுதேன். மச்சாளும் மூக்கைச் சிந்தினாள், கேட்டால் தடிமன் என்றாள்.

முகம் இப்போதும் பாதி பாதியாகத்தான் கழுவுகிறேன். பயம் அது பாட்டுக்கு இருக்கிறது, இருக்கட்டும். ஆனால் அம்மாவை நினைத்து என் கையையே பார்த்துக்கொண்டிருப்பதை விட்டுவிட்டேன். நான் விட்ட கையை வேறொருவர் பிடித்திருப்பார் என்று நம்புகிறேன். கண்ணால் பார்க்கவில்லைதான். என் பின்னலைப் பிடித்தவரையும் நான் அன்று பார்க்கவில்லை.