அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி

என் அண்ணன் போரில் இறந்தவன். ஆனாலும் போன வருடம் டென்மார்க்கின் சில்க்போர்க் நகரில் அவனுக்குச் சர்க்கரை வியாதி வந்தது. மருத்துவமனைக் கடிதத்தில் இருந்தது அவன் பெயர்தான். மாத்திரையை நான் விழுங்குகிறேன்.

நடந்தது இதுதான். இலங்கையில், எங்கள் ஊரில் இயக்கத்தில் சேர்ந்து போராடப் போனவன் அவன். ஆள் மாறி, படையினர் தேடுவோரின் பட்டியலில் ஏறியது என் பெயர். அவன் போனதற்காக நான் முகம் கொடுத்துக் கதைக்காமல் இருந்த காலம். ஒருநாள் வந்து தன் பிறப்புச் சான்றிதழை என் சட்டைப் பையில் திணித்தான்.

"எனக்கு இயக்கப் பேர் இருக்கு. இதை நீ கொண்டு போடா. பிறகு வந்து வாங்கிறன்."

நான் நன்றிகூடச் சொல்லவில்லை.

அந்தப் பெயரில்தான் நாட்டைவிட்டு வந்தேன். இங்கே அகதி விண்ணப்பம், வேலை, கல்யாணம், குடியுரிமை எல்லாம். போரின் கடைசி மாதங்களில் அவன் இறந்த செய்தி வந்தபோது, தொழிற்சாலையில் அவன் பெயர் போட்ட அட்டையைக் கழுத்தில் மாட்டியபடி நின்றேன். வாயைத் திறந்தால் குடியுரிமை போய்விடும் என்ற பயம். மனைவிக்கு மட்டும் தெரியும். மகளிடம் எனக்குச் சகோதரமே இல்லை என்று சொல்லிவைத்தேன். அதன் பிறகு முகம் மழிக்கும்போதெல்லாம் கண்ணாடியில் அவனுக்கு வயதாவதைப் பார்ப்பேன். நரை அவனுக்கு நன்றாகவே இருந்தது. சில காலைகளில், சவரக் கத்தியைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்று ஒரு கணம் தெரியாது.

சென்ற கார்த்திகையில், போரில் இறந்தவர்களை நினைவுகூரும் கூட்டத்துக்கு மகள் வற்புறுத்தி என்னைக் கூட்டிப்போனாள். இருபது வயது, சொன்னால் கேட்கமாட்டாள். ஒரு பாடசாலை மண்டபத்தில் வரிசையாகப் படங்கள், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு விளக்கு. நான்கு மணிக்கே வெளியே இருட்டிவிட்டது. ஒருவர் பெயர்களை வாசிக்க, உறவினர்கள் எழுந்துபோய் விளக்கேற்றினார்கள்.

என் பெயர் வாசிக்கப்பட்டது. முதலில் ஓர் இயக்கப் பெயர், பிறகு சொந்தப் பெயர், ஊர், பிறந்த தேதி. வைத்தியரிடம் காத்திருக்கும்போது கூப்பிட்டால் எழும்புவதுபோல் எழுந்துவிட்டேன். முப்பது வருடப் பழக்கம். எழுந்த பிறகுதான் வாசித்தது இறந்த அவனை என்று உறைத்தது. எல்லோரும் பார்த்தார்கள். நடந்தேன். படங்களருகே நின்றவர் தீப்பெட்டியைக் கையில் தந்தார்.

ஊர்க்காரர் யாரோ அண்ணனின் படத்தைக் கொண்டுவந்திருக்க வேண்டும். என் மூக்கு, என் காது. ஆனால் அவன் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலால் வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பினேன். பின்னால் மகள் நின்றாள்.

"இது நீங்களா?" என்று டேனிஷில் கேட்டாள். படத்தின் கீழிருந்த பெயரை விரலால் தொட்டாள். அவளுடைய கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக இருப்பதும் அதே பெயர்தான்.

ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். பொய் சொல்வதில் நான் கெட்டிக்காரன். அவன் முன்னால் வாய் வரவில்லை.

"பெரியப்பா," என்றேன். "பேரும் அவற்றதான். நான் இரவல் வாங்கினது."

அடுத்த குடும்பம் எங்களுக்குப் பின்னால் காத்து நின்றது.

"அப்ப, கடதாசியில நான் ஆருடைய மகள்?" இம்முறை தமிழில் கேட்டாள்.

"அவற்ற மகள்தான்."

"அவருக்கு வேற பிள்ளையள் இருக்கினமோ?"

"இல்லை."

என் கையிலிருந்த தீப்பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"அப்ப நான்தானே ஏத்தவேணும்."

விளக்குப் பற்றியது. மகளும் படத்திலிருந்த அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் ஓரமாகத் தள்ளி நின்றேன். சொல்ல வெட்கம், முதலில் வந்தது அவன்மேல் பொறாமைதான். அழுகை அதற்குப் பிறகு வந்தது.