சீர் சாமான் வரிசையில் ஒரு கேமிங் கம்ப்யூட்டர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. ஆள் முன்னால் பேசுவதென்றால் வெட்கம், அதனால்தான் எழுதுகிறேன். மறந்துபோன இடங்களை நான் பாட்டுக்குத் தாண்டிப் போயிருப்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடியில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குக் கூட்டிப் பெருக்க வந்தவள் நான். இப்போது கேபினெட்டுக்குள் வயர் கட்டுவதும், பழைய மிஷினுக்குத் தூசி ஊதுவதும் என் வேலை. முதலாளியை எல்லாரும் பாய் என்று கூப்பிடுவார்கள். தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக, குறைந்த காசில் கேமிங் கம்ப்யூட்டருக்குப் பார்ட்ஸ் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று எழுதச் சொன்னார். எப்படித் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதுதான் எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் அதைத்தான் பார்க்கிறேன்.

1. வந்தவர்கள்

நேமத்தான்பட்டியிலிருந்து ஒரு செட்டியார் குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, கல்யாணம் நிச்சயமான பெண் மெய்யம்மை. அந்தப் பெண் கம்ப்யூட்டர் கேமில் கெட்டிக்காரி. டீம் சேர்ந்து விளையாடுகிறவள். அவளுடைய பழைய லேப்டாப் பாதி ஆட்டத்தில் சூடேறிப் படுத்துக்கொள்வதால் டீமிலிருந்து எடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்களாம். சீரில் ஒரு வெள்ளிச் சாமானைக் குறைத்துக்கொண்டு இதை வாங்கித் தாருங்கள் என்று வீட்டில் கெஞ்சிச் சம்மதம் வாங்கியிருக்கிறாள். மானிட்டரோடு சேர்த்து எழுபதாயிரம், அதற்கு மேல் கிடையாது. இப்போது விட்டால், புகுந்த வீட்டில் போய் வாய் திறந்து கேட்கிற சாமானா இது.

இவர்கள் கல்யாணத்தில் சீர் சாமான் எல்லாவற்றையும் சம்பந்தி வீட்டார் பார்க்கப் பரப்பி வைப்பார்கள். கம்ப்யூட்டரும் அந்த வரிசையில் உட்கார வேண்டும். வினை அங்கேதான்.

2. வெளிச்சம்

கடை வாசலில் கண்ணாடி வைத்த பெரிய கேபினெட் ஒன்று, ஆறு ஃபேனும் கலர் கலராக எரிய நிற்கும். செட்டியார் நேரே அதன் முன்னால் போய் நின்றுவிட்டார்.

"பாய், இது எம்புட்டு?"

"அண்ணே, அது வெறும் கூடு. ஆட்டத்த ஓட்டுறது கிராபிக்ஸ் கார்டு. காசுல பெரும் பங்க அதுல போடுங்க."

"அது எங்குட்டு இருக்கும்?"

"உள்ள இருக்கும்ணே."

"உள்ள இருக்கிறத எவன் பாக்கப் போறான்?"

சீரியல் லைட் கடைக்குப் போக வேண்டியவர், இங்கே வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் அதோடு விடவில்லை. எரிகிற கேபினெட், எரிகிற ஃபேன், எரிகிற ராம், எரிகிற கீபோர்டு, வளைந்த மானிட்டர். ராம் விலை ஏறிக் கிடக்கிற காலத்தில் அது எரிய வேறு வேண்டுமாம். எல்லாம் போக மிஞ்சிய காசுக்கு ஒரு சின்ன பிராசஸர் வந்தது. கிராபிக்ஸ் கார்டே கிடையாது. எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். மட்டும் கேபினெட்டோடு ஓசி. ஐந்நூறு வாட்ஸ் என்று அதன் மேல் எழுதியிருந்தது. எழுதுவதற்குக் காசா பணமா.

"அப்பச்சி, இதுல என் கேம் ஓடாது" என்றாள் பெண்.

"லைட்டு எரியும்ல."

"அதச் சுத்தி நான் கும்மியடிக்கவா?"

"சும்மா இருடி" என்றார் அம்மா. "சபையில வைக்கிற சாமான். பாக்க லட்சணமா இருக்க வேண்டாமா?"

பெண் தலையைக் குனிந்துகொண்டாள். பாய் கால்குலேட்டரை எடுத்தார்.

3. காலி இடம்

பில் போடுகிற நேரத்தில் அம்மாவுக்கு என்ன தோன்றியதோ, கேபினெட் கண்ணாடி வழியே குனிந்து பார்த்தார். உள்ளே ஒரு மூலையில் கையகல மதர்போர்டு. மற்றதெல்லாம் பொட்டல் காடு.

"ஏன் பாய், இதுக்குள்ள இம்புட்டு எடம் காலியாக் கெடக்கு?"

"அங்கதான் ஆச்சி கார்டு வரணும்."

ஆச்சிக்கு முகம் மாறிவிட்டது. சீரில் இவர்கள் எந்தப் பாத்திரத்தையும் வெறுமையாக வைப்பதில்லை. அரிசியோ சீனியோ ஏதாவது போட்டுத்தான் வைப்பார்கள்.

"வெறும் பாத்திரத்தையா பரப்பி வைக்கிறது? கண்ணாடி வேற போட்டிருக்கீக. சம்பந்தி வீட்டு ஆளுக ஒவ்வொருத்தரும் எட்டிப் பாப்பாக."

இத்தனை நேரம் பாய் தொண்டை வறளச் சொன்ன சங்கதி, ஒருமுறை எட்டிப் பார்த்ததில் முடிந்துபோனது. செட்டியாரும் உடனே கட்சி மாறினார்.

"அப்ப நெரப்பிருவோம். பாய், இருக்கிறதுலயே நீளமான கார்டா ஒண்ணு எடுங்க."

நீளத்தைச் சொல்லிக் கிராபிக்ஸ் கார்டு கேட்ட முதல் மனிதர் அவராகத்தான் இருக்கும். எங்கள் கடையில் மூன்று ஃபேன் வைத்த பழைய செகண்ட் ஹேண்ட் கார்டு ஒன்று கிடந்தது. விலை குறைவு, பார்க்கப் பூதம் மாதிரி இருக்கும். ஆச்சி சாண் போட்டு அளந்து பார்த்து, "இது சரியா இருக்கும்" என்றார்.

"ஆச்சி, அது கரண்டக் குடிச்சுத் தீத்துரும். இந்த ஓசி எஸ்.எம்.பி.எஸ். அதத் தாங்காது. போட்ட அன்னைக்கே பொகையும்" என்றார் பாய்.

"பரப்பி வைக்கிற அன்னைக்கு மட்டும் தாங்கினாப் போதும்" என்றார் செட்டியார். மகள் அதற்குப் பிறகும் உயிரோடு இருப்பாள் என்பது அவருக்கு ஞாபகம் இல்லை போலிருக்கிறது.

அப்போது மெய்யம்மை எழுந்து என்னிடம் வந்தாள். நான் ஒரு சின்ன கேபினெட்டின் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தேன். அதில் லைட் கிடையாது, அதனால் யாரும் வாங்க மாட்டார்கள், அதனால் அது எனக்கு முக்காலி.

"அம்மா, கொஞ்சம் எந்திரிங்க."

பெட்டியைப் பிரித்து கேபினெட்டை மேஜை மேல் வைத்தாள். பாயிடம் கேட்டு, இரண்டு ஃபேன் வைத்த புதுக் கார்டு ஒன்றை உள்ளே பிடித்துக் காட்டினாள். அந்தச் சுவரிலிருந்து இந்தச் சுவர் வரை அடைத்துக்கொண்டது.

"ஆத்தா, பாத்திரம் பெருசா இருந்து காலியாக் கெடக்கிறதுக்கு, சின்னப் பாத்திரம் நெறைய இருந்தா நல்லாத்தானே இருக்கும்?"

ஆச்சி அதன் பக்கக் கண்ணாடியில் கண்ணை வைத்துப் பார்த்தார். விரல் நுழையவும் இடம் இல்லை. "நெறஞ்சுதான் இருக்கு" என்றார்.

பாய் மறுபடி கணக்குப் போட்டார். பெரிய கூடும் எரிகிற ஃபேனும் எரிகிற ராமும் போனதில், புதுக் கார்டும் நல்ல எஸ்.எம்.பி.எஸ்ஸும் எரியாத ராமும் எழுபதாயிரத்துக்குள் அடங்கின. பாய்க்கு முகம் கொஞ்சம் வாடித்தான் போனது. லைட்டில்தான் லாபம் அதிகம்.

"ஒரு லைட்டுமா கெடையாது?" என்றார் செட்டியார்.

"கீபோர்டு எரியும் அப்பச்சி."

"அதாவது எரியட்டும்."

4. பரப்பி வைத்த நாள்

பெண்கள் கூட்டம் என்பதால் மிஷினை மாட்டிவிட பாய் என்னைத்தான் அனுப்பினார். எவர்சில்வர் அண்டாவுக்கும் பித்தளைக் குடத்துக்கும் நடுவில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே எட்டிப் பார்ப்பார்கள் என்று ஆச்சி பயந்தது வீண். வந்த அத்தனை பேரும் மானிட்டரைப் பார்த்து, "டிவி எத்தன இஞ்சு?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒரு அம்மாள் கேபினெட் தலையில், காற்று வெளியேறுகிற இடத்தில், பழத்தட்டை வைத்துவிட்டுப் போனார். எடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பட்டுச் சேலையும் கழுத்து நிறைய நகையுமாக அந்தப் பக்கம் வந்த மெய்யம்மை தட்டைப் பார்த்தாள். குனிந்து எடுத்துக் கீழே வைத்தாள். கேபினெட் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"சூடே இல்லம்மா" என்றாள் என்னிடம். அந்த முகத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை.

பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை, "அது மேல தட்டு வைக்கக் கூடாதா?" என்றார்.

"வைக்கக் கூடாது. இனிமே நீங்க பாத்துக்கங்க."

"சரி" என்று, அவர் அங்கேயே காவலுக்கு நின்றுவிட்டார்.

பிள்ளைகளே, குறைந்த காசு என்றால் முதலில் கார்டு, பிறகு அதைத் தாங்குகிற எஸ்.எம்.பி.எஸ்., பிறகு மற்றது. மிச்சம் இருந்தால் வெளிச்சம். இதை அப்படியே சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். அந்தக் குடும்பம் எதற்கு வெட்கப்படும் என்று தெரிந்துகொண்டு, அந்தப் பக்கமாகப் போய்ச் சொல்லுங்கள். உட்கார்ந்து விளையாடப் போகிற ஆளை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எந்தக் கார்டுக்கு எத்தனை வாட்ஸ் வேண்டும் என்பதை நான் எழுதவில்லை, எனக்கு நிச்சயமில்லை. பார்ட்ஸ் பெயர்களையும் வரிசையையும், தெரிந்தவர் யாராவது ஒருமுறை படித்துச் சரிபார்த்துக் கொடுங்கள். தப்பிருந்தால் பாயிடம் சொல்லுங்கள், நேரில் என்னிடம் வேண்டாம்.