தண்ணீர்மலைப் படியில் எடுத்த படம்

அம்மாவின் அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தால் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தேன்; அப்படியே முடிந்தது. விரதம் தொடங்கியதும் ஜிம் கோச், "நல்ல சான்ஸ் லா, தங்கச்சி. வெயிட்ஸ நிறுத்திட்டு ரெண்டு வேளையும் ஓடு, கொழுப்பு தானா கரையும்," என்றார்.

நான் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். இயந்திரத்தில் ஒரு நேரத்தில் ஓர் அமைப்பைத்தான் மாற்றுவேன். என் உடம்பிலோ மூன்றை மாற்றினேன்: எடை தூக்குவதை விட்டேன், ஓட்டத்தைக் கூட்டினேன், ஒரு வேளை மட்டும் சாப்பிட்டேன். அதிலும் பருப்பு, தயிர் பேருக்குத்தான். மெலிந்துவிட்டாய் என்று எல்லாரும் பாராட்டினார்கள். கொழுப்போடு கால் வலுவும் கரைந்தது யாருக்கும் தெரியவில்லை.

தண்ணீர்மலைக் கோயில் படிகளில் பாதி ஏறியபோது முழங்கால் மடங்கியது. தலையிலிருந்து சரிந்த குடத்தை, பின்னால் வந்த முன்பின் தெரியாத ஓர் அக்கா பிடித்துக்கொண்டார்.

"உட்காரும்மா. ஒழுங்கா சாப்பிட்டு எவ்ளோ நாளாச்சு?"

கூட வந்த சித்தி கைப்பேசியைத் தூக்கினார். "முகம் இப்பதான் அழகா ஒடுங்கியிருக்கு. கொஞ்சம் சிரி."

"பிள்ளைக்கு நிக்கவே முடியல, உங்களுக்கு போட்டோ கேக்குதா?" என்றார் அந்த அக்கா.

அவர் என் தோளைத் தாங்க, குடத்தை உச்சிவரை சுமந்தேன்.

மறுநாள் சித்தி அந்தப் படத்தை வரன் பார்க்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். குடத்தைப் பிடித்திருந்த அந்த அக்காவின் கையை வெட்டியெடுத்துவிட்டார். "ரெண்டு குடும்பம் கேட்டிருக்கு," என்றார் பெருமையாக.

இப்போது எடை தூக்குகிறேன், அளவாக ஓடுகிறேன், வயிறாரச் சாப்பிடுகிறேன். ஆனாலும் நான் விழப்போன கணத்தைப் பார்த்துத்தான் அந்தக் குடும்பங்களுக்கு என்னைப் பிடித்தது என்று நினைத்தால், இன்றும் உடம்பெல்லாம் எரிகிறது.