அக்கா வைத்த கரிப்புள்ளி

எங்கள் அக்காவுக்குத் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். பொய். நான் துணி தேய்ப்பவன். தீபாவளித் துப்பாக்கிக்கே காதைப் பொத்திக்கொள்வேன். எழுதவும் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அக்கா மகள்தான் பிழையில்லாமல் எழுதுகிறாள்.

தியாகதுருகத்தில் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர் அக்கா. தினமும் என்னைப் பள்ளிக்கூடம் வரை இழுத்துப் போவார். அவர் வகுப்பில் உட்காருவதற்குள் நான் வீட்டில் இருப்பேன். அவர் படித்துப் போலீஸ் ஆனார். கல்வராயன் மலையிலும் கள்ளக்குறிச்சியிலும் வேலை பார்த்தார். கைத்துப்பாக்கி அணியில் சேர ஆசைப்பட்டு இரண்டு முறை தோற்றார். மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு என்று சொல்லிவிட்டார்கள்.

துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. அதனால் ஒயர் அறுந்த என் இஸ்திரிப் பெட்டியை ஒரு கையால் நீட்டிப் பிடித்து, சுவரில் கரியால் வைத்த புள்ளிக்கு அதன் மூக்கை நேராக்கி நிற்பார். அந்தப் புள்ளி இன்றும் இருக்கிறது. மூன்று மாதத்தில் கை உறுதியானது. ஆனாலும் சுடும் மைதானத்தில் குண்டு குறிக்குக் கீழேயே போனது.

ஒருநாள் வம்புக்கு, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி, சோற்றுத் தட்டைக் கரண்டியால் அடித்தேன். சத்தம் வருமுன்பே பெட்டியின் மூக்கு கவிழ்ந்தது.

"இன்னாக்கா, நான் அடிக்கறதுக்கு முன்னாடியே கும்புடற?"

அக்கா சிரிக்கவில்லை. "டேய், இதாண்டா குத்தம். சத்தம் வரப்போவுதுன்னு கை முன்னாடியே பயப்புடுது. இனிமே எண்ணாத. எப்ப அடிப்பன்னு எனக்குத் தெரியவே கூடாது."

"நெனச்சப்பல்லாம் தட்டிக்கினு இருந்தா பக்கத்து வூட்டுக்காரங்க என்னை அடிப்பாங்க."

"வாங்கிக்கோ."

வாங்கினேன். தேர்வு முடிந்ததும் அக்கா நேராக என் இஸ்திரி வண்டிக்கு வந்து, தான் சுட்ட குறி அட்டையைக் காட்டினார். ஓட்டையெல்லாம் நடுவில் ஒரே இடத்தில், எலி கடித்தது போல. அணியில் எடுத்துக்கொண்டார்கள்.

அக்கா நோயில் படுத்த கடைசி நாட்களில், துப்பாக்கி பிடித்த அந்தக் கையில் தண்ணீர் தம்ளர் ஆடியது. பிடிக்கப் போனேன்.

"வுடுடா. ஆடினா ஆடட்டும். ஆட்டத்த நிறுத்தப் போனாதான் சிந்தும்." மெதுவாக, சிந்தாமல் குடித்தார்.

பார்த்துக்கொண்ட நர்சம்மாக்கள், கூட வேலை பார்த்தவர்கள், பாடைக்குத் தோள் கொடுத்த தெருக்காரர்கள், தட்டுச் சத்தம் பொறுத்த பக்கத்து வீட்டார் எல்லோருக்கும் கும்பிடு. மலையில் இருந்தபோது ஒருநாள் அக்காவை ஒரு கரடி...

உள்ளிருந்து அக்காவின் கணவர் கூப்பிடுகிறார்.

"மச்சான், உங்கக்கா படம் மாட்டணும், ஆணி அடிக்க வா. எங்கன்னு கேக்காத, கரிப்புள்ளி மேலதான்."

கை ஆடுகிறது. ஆடட்டும். போகிறேன்.