பதினைந்திலிருந்து இறங்கிய முள்

அந்தக் கருவியை அத்தானே செய்திருந்தார். பழைய ரேடியேட்டர் மூடி ஒன்றின் நடுவில் துளை போட்டு, பஞ்சர் கடையில் தூக்கியெறிந்த சைக்கிள் டியூபின் வால்வைச் செருகி, சுற்றிலும் பசை அடைத்திருந்தார். அதில் மீட்டர் வைத்த கைப்பம்பை மாட்டிக் காற்றடித்தால் காரில் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் ஒழுகுகிறதா என்று தெரிந்துவிடும். இதே சோதனைக்குச் செம்பூர் கராஜில் காரை ஒரு நாள் முழுக்க நிறுத்திவிடுவார்கள். சொந்த டாக்சியை ஓட்டி அக்காவையும் இரண்டு பிள்ளைகளையும் காப்பாற்றிய மனிதருக்கு அந்த ஒரு நாள் பெரிது.

சோதனை எப்போதும் ஞாயிறு காலையில், எஞ்சின் சில்லென்று இருக்கும்போது, தாராவியில் எங்கள் சந்து முனையில் நடக்கும். மூடியில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் ஒரு அடிகூட அடிக்க விடமாட்டார். அடித்தால் நல்ல குழாயும் பிய்ந்துகொள்ளும் என்பார். முள் பதினைந்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டு இருபது நிமிடம் பார்க்க வேண்டும். அப்படியே நின்றால் கவலையில்லை. இறங்கினால் எங்கோ ஓட்டை. சோப்புத் தண்ணீரைத் தடவி, நுரை எங்கே கிளம்புகிறது என்று ஒவ்வொரு இணைப்பாகத் தேட வேண்டும். அவர் டார்ச்சோடு காருக்கடியில் படுத்துக்கொள்வார். முள்ளைப் பார்ப்பது என் பொறுப்பு.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. தையல் பட்டறையில் வாரம் ஆறு நாள் முதுகொடியும் வேலை. கிடைக்கிற ஒரே ஞாயிற்றுக்கிழமையையும் அத்தானின் கார் தின்றுவிடுகிறதே என்று எனக்கு உள்ளூர எரிச்சல். அப்படி ஒரு ஞாயிறன்று போனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏல மாப்ள, முள்ளு நிக்கா?" என்று அடியிலிருந்து கேட்டார்.

நிமிர்ந்து பார்த்தேன். முள் பதின்மூன்றில் இருந்தது. இறங்கிவிட்டது என்று சொன்னால் சோப்பு, வாளி என்று மத்தியானம் வரை நிற்க வேண்டும்.

"நிக்கு அத்தான்" என்றேன்.

மூன்றாம் நாள் தேவ்நார் பக்கம் சவாரி போகும்போது சூடு காட்டும் மீட்டர் உச்சிக்கு ஏறியிருக்கிறது. வேறு நாளாக இருந்தால் ஓரங்கட்டி ஒரு மணி நேரம் ஆறவிட்டிருப்பார். சூடான ரேடியேட்டர் மூடியைத் தொடாதே என்று எனக்குப் படித்துப் படித்துச் சொன்னவரே அவர்தான். ஆனால் முந்தாநாள்தான் சோதித்தாயிற்று, ஒழுகவில்லை. அப்படியென்றால் மீட்டர் வயரில்தான் கோளாறு என்று முடிவு கட்டியிருக்கிறார். பின்சீட்டில் இருந்தவரிடம் "தோ மினிட், சேட்" என்று இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு இறங்கி, எதற்கும் தண்ணீர் மட்டத்தைப் பார்த்துவிடலாம் என்று ஈரத்துணியைப் போட்டு மூடியைத் திருகினார். கொதிநீர் முகத்தில் பாய்ந்தது.

வலது கண் போயிற்று. இடது கண்ணுக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். காரை பாண்டுப்பில் ஒருவருக்கு விற்றோம். அக்கா மாட்டுங்காவில் மூன்று வீடுகளுக்குச் சமைக்கப் போகிறாள். நான் பிள்ளைகளுக்குப் பீஸ் கட்டினேன், ஞாயிறு தவறாமல் பழம் வாங்கிக்கொண்டு போனேன். மச்சினன் என்றால் இவன்தான் என்று சந்தே மெச்சியது. நான் கேட்டும் கேளாததுபோல் நடந்துவிடுவேன்.

ஐந்து வருடம் கழித்துப் போன மாதம், அக்கா வேலைக்குப் போயிருந்த நேரத்தில், அவரிடம் சொல்லிவிட்டேன். சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்தேன். அது யார் தலையில் இறங்கும் என்று யோசிக்கவில்லை.

அத்தான் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"நான் செஞ்ச சாமான்தான் பொய் சொல்லிட்டுன்னு நெனச்சிருந்தேம்ல" என்றார். "என் கையால கெட்டேன், யாரை நோவன்னு மனச ஆத்தி வச்சிருந்தேன். இப்ப எதுக்குல இதச் சொன்ன? இனி ஒன்னய நெனைக்காம எனக்கு ஒரு பொழுது விடியுமா?"

அக்காவிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. இப்போதும் ஞாயிறுதோறும் போகிறேன். "இப்பதான் கண்ணசந்தாருல" என்று அக்கா வாசலிலேயே குரலைத் தாழ்த்துகிறாள். பழத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்புகிறேன். உள்ளே அவர் இருமுவது கேட்கிறது.