பச்சையாக இருந்த மூலை

ரமணாசிரமத்துக்குப் பின்னால் இருக்கும் தன் வீட்டில் வஜீதா ஓர் அறையை வாடகைக்கு விட்டிருந்தார். சித்திரை வெயிலில் தோட்டமெல்லாம் காய்ந்துகிடக்க, ஒரு மூலையில் மட்டும் புல் பச்சையாக இருந்தது. சென்னையிலிருந்து வந்து தங்கியிருந்த இனியன் தினமும் அங்கேதான் தியானம் செய்வார்.

"இந்த இடத்துல ஏதோ சக்தி இருக்குங்கம்மா" என்றார்.

வஜீதாவுக்குச் சந்தேகம் வந்தது. சில நாட்களாகக் குளியலறைத் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கியது. கக்கூஸில் களக் களக்கென்று சத்தம். புல்லைத் தொட்டுப் பார்த்தார். ஈரமாக இருந்தது, லேசாக நாறியது.

மறுநாள் இனியன் கண் திறக்கும்வரை காத்திருந்து சொன்னார். "சார், கீழ செப்டிக் டேங்க்குங்க. ரொம்பிடிச்சி. கொஞ்சம் எந்திரிங்க."

மதியமே கழிவுநீர் லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போனது. வீட்டுக்குள் பொங்குவதற்கு முன் பார்த்துவிட்டதில் வஜீதாவுக்கு நிம்மதி. இனியன் இப்போது மொட்டை மாடியில் உட்காருகிறார். அங்கே சக்தி கொஞ்சம் கம்மிதானாம்.